பகிர்வும் பொறுப்பும்: கணினிச் செயன்முறைகளின் தொடர்பாடல் பற்றிய ஒரு மறுப்பு

கணினியின் பணிசெயல் முறைமை பற்றிப் பேசுவோரிடையே ஒரு கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. தனித்தனியே இயங்கும் செய்நிரல்கள் தம்முள் தொடர்புகொள்ளும் முறையை வகுப்பது வெறும் குழாய் பொருத்தும் வேலையே என்பதும், எம்முறையிலே தரவு விரைந்து சென்று சேருமோ அம்முறையே சிறந்தது என்பதும் அக்கருத்தின் சாரமாகும். சொன்னவர் யார், கேட்பவர் யார், அவ்வாறு சொல்லும் உரிமை சொன்னவருக்கு உண்டா, கேட்க வேண்டியவர் இடையிலே இறந்துபட்டால் யாது நிகழும் என்னும் வினாக்களை இக்கருத்தினர் தம் வினாக்களாகக் கொள்வதில்லை. அவற்றையெல்லாம் பிரயோகச் செய்நிரலை எழுதுபவனின் தலையிலே கட்டிவிட்டு, மிச்சப்படுத்திய மைக்கிரோ செக்கன்களை எண்ணி மகிழ்கின்றனர். வேகவாதம் என்று இதனை அழைப்பது பொருந்தும். கடந்த அறுபது ஆண்டுக்கால வரலாறு இவ்வாதத்துக்கு எதிராகவே சாட்சி பகர்கின்றது.

முதலில் விடயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். இயங்கிக் கொண்டிருக்கும் செய்நிரல் செயன்முறை எனப்படும். ஒரே கணினியில் ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான செயன்முறைகள் இயங்குகின்றன. பணிசெயல் முறைமையின் நடுப்பகுதியாகிய கரு, ஒவ்வொன்றுக்கும் நினைவகத்திலே தனியானதோர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்து, மற்றொன்று அதற்குள் நுழையாதவாறு சுவரெழுப்பி வைக்கின்றது. சுவர் எதற்காக? ஒன்றிலே நேரும் பிழை மற்றொன்றைக் கெடுக்காதிருத்தற்காக. ஆயின், முற்றாக மூடிய அறைகளாற் பயனில்லை. விசைப்பலகையில் எழுதப்பட்டது ஆவணத்தைச் சென்றடைய வேண்டும். ஆவணம் அச்சுப்பொறியைச் சென்றடைய வேண்டும். எனவே சுவரிலே வாயில் வைக்கவேண்டியதாகின்றது. செயன்முறைகளுக்கிடையான தொடர்பாடல் என்பது இவ்வாயிலை வகுக்கும் கலையே. எதற்காகச் சுவர் எழுப்பப்பட்டதோ அந்நோக்கத்தை வாயில் அழித்துவிடலாகாது என்பதே அக்கலையின் முதல் விதி. தமிழில் இதனைத் 'தொடர்பு' என்னாது 'தொடர்பாடல்' என வழங்குவது தற்செயலாக நேர்ந்த நன்மை எனலாம். உரையாடல் என்பதிற்போல இங்கும் 'ஆடல்' என்னும் ஈறு இரு தரப்பாரின் வினையைக் குறிக்கின்றது. வேகவாதிகள் காண்பது தொடர்பை மட்டுமே.

வாயில் அமைக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, நினைவகத்தின் ஒரு பகுதியை இரு செயன்முறைகளுக்கும் பொதுவாக்கி விடுதல். மற்றையது, சுவரை அவ்வாறே விட்டு, ஒன்று எழுதிய செய்தியைக் கருவின் வழியாக மற்றொன்றிடம் சேர்ப்பித்தல். முன்னையதற்குப் பகிர்ந்த நினைவகம் என்று பெயர். கரு இடையிலே வராததால் இதுவே மிக விரைவானது. இதனை யாரும் மறுப்பதற்கில்லை. வேகவாதத்தின் கோட்டையும் இதுவே.

இவ்விடத்தில் 'பகிர்வு' என்னும் சொல்லைச் சற்று ஆராய்தல் வேண்டும். அது நற்சொல்; சமத்துவத்தின் மணம் கமழும் சொல். உணவைப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு கிடைக்கின்றது. கிடைத்த பங்கு அவரவருடையதாகின்றது. பகிர்ந்த நினைவகத்திலோ எவருக்கும் பங்கு இல்லை. முழுவதன் மீதும் எல்லாருடைய கையும் ஒரே வேளையில் இருக்கின்றது. ஓர் எண்ணிக்கை 7 என எழுதப்பட்டிருக்கின்றது எனக் கொள்வோம். இரு செயன்முறைகள் அதனை ஒன்றால் உயர்த்த முனைகின்றன. முதலாவது 7 என்பதைப் படிக்கின்றது. அது எழுதுவதற்கு முன் இரண்டாவதும் 7 என்பதையே படிக்கின்றது. இரண்டும் 8 என எழுதுகின்றன. 9 ஆகியிருக்க வேண்டியது 8 ஆக நிற்கின்றது. இரண்டிலொன்றும் பிழை செய்யவில்லை. தனித்தனியே சோதித்தால் இரண்டும் சரியாகவே இயங்கும். ஆயிரம் முறை சேர்த்து இயக்கினாலும் ஒருமுறையேனும் இது நிகழாதிருக்கலாம். ஆயிரத்தோராவது முறை நிகழலாம். பிழைக்கு உரியவரில்லாமற் போவதே இம்முறையின் இயல்பு.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறியினால் 1985 யூன் முதல் 1987 சனவரி வரை வட அமெரிக்காவில் ஆறு நோயாளர் அளவு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுட் சிலர் மாண்டனர். அப்பொறியின் செய்நிரலிலே பல பணிகள் ஒருங்கே இயங்கின. தம்முள் பொதுவான மாறிகள் வாயிலாகவே அவை செய்தி பரிமாறின. அம்மாறிகளைக் காப்பதற்கு முறையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. ரெக்சாசின் ரைலர் நகரில், 1986 மார்ச்சில், பொறியை இயக்கியவர் சிகிச்சை வகையைப் பிழையாகத் தட்டி, உடனே திருத்தினார். காந்தங்களை ஒழுங்குசெய்வதற்குப் பொறிக்குச் சுமார் எட்டுச் செக்கன் தேவைப்பட்டது. அந்த எட்டுச் செக்கனுக்குள் திருத்தம் முடிந்துவிட்டமையால், திரையில் திருத்தம் தோன்றியது. கதிரை ஆயத்தம் செய்த பணியோ அதனை அறியவில்லை. பழக்கத்தால் விரைவாகத் தட்டக்கூடியவராக இருந்தமையே அவ்வியக்குநர் செய்த குற்றம்! மறுமாதமும் அதே இடத்தில் அதுவே நிகழ்ந்தது. அந்நோயாளர் இருவரும் பின்னர் உயிரிழந்தனர். 1987 சனவரியில் யாக்கிமா நகரில் நிகழ்ந்த விபத்தின் காரணம் இன்னும் சிறியது. 'சோதிக்கவேண்டும்' என்று அறிவிக்கும் மாறி ஒரு பைற்று அளவினது. ஒவ்வொரு சுற்றிலும் அது ஒன்றால் உயர்த்தப்பட்டது. 256ஆவது சுற்றிலே மீண்டும் சுழியமாயிற்று. சுழியம் என்றால் சோதனை வேண்டாம் என்று பொருள். முந்திய பொறிகளில் இருந்த வன்பொருட் பாதுகாப்புக்கள் இப்பொறியில் அகற்றப்பட்டிருந்தமையும் இவ்விபத்துக்களுக்குக் காரணம் என்பது உண்மையே. ஆயினும், சொல்ல வேண்டிய ஒரு செய்தியை 'அனுப்பாது' பொது இடத்தில் எழுதிவைத்து, படிப்பவன் படித்துக்கொள்வான் என்று நம்பியமை அக்காரணங்களுள் முதன்மையானது.

வேகவாதிகள் இதற்கு ஆயத்தமானதொரு விடை வைத்திருக்கின்றனர்: பூட்டைப் பயன்படுத்தத் தெரியாதவன் செய்த பிழை இது என்பர். பூட்டின் வரலாறு மதிப்புக்குரியதே. நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா, புகையிரதப் பாதையின் கைகாட்டியிலிருந்து பெயரெடுத்து, 1965இல் எழுதிய கட்டுரையிலே இதற்கோர் ஒழுங்கை வகுத்தார். கைகாட்டி இறங்கியிருந்தால் உட்செல்க, இல்லையேற் காத்திரு, வெளியேறும்போது அடுத்தவனுக்கு வழிவிடு. ஐந்தோவன் நகரிலே அவர் குழுவினர் ஆக்கி 1968இல் விவரித்த பணிசெயல் முறைமை இக்கைகாட்டிகளையே அடித்தளமாகக் கொண்டது. தர்க்கத்தாற் சரிபார்க்கப்பட்ட முறைமை என்ற பெருமையும் அதற்குண்டு. சிறிய குழு, அறிவார்ந்த தலைமை, ஒரே மனத்தின் ஒழுங்கு ஆகியன அங்கிருந்தன. ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேர் எழுதிய செய்நிரல்கள் ஒரே கணினியிலே கூடும்போது அவ்வொழுங்கை எங்கே தேடுவது? பூட்டு, நல்லெண்ணத்தை நம்பியிருக்கும் ஏற்பாடு. எல்லாரும் பூட்டினால்தான் பூட்டு. ஒருவன் மறந்தால் எவருக்கும் பூட்டில்லை.

பூட்டியவன் உள்ளேயே இறந்துபட்டால்? காத்திருப்போர் காத்திருந்துகொண்டே இருப்பர். இவ்வினாவுக்கு யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளின் பொது நியமமாகிய பொசிக்ஸ் விடையளித்தது 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே. பூட்டின் உடைமையாளன் மாண்டான் என்னும் செய்தியை அடுத்து வருபவனுக்கு அறிவிக்கும் ஒருவகைப் பூட்டு அப்போதுதான் நியமத்திற் சேர்ந்தது. டைக்ஸ்ட்ராவின் கட்டுரைக்கும் இதற்கும் இடையில் 43 ஆண்டுகள். சிஸ்ரம் ஐந்து எனப்படும் யுனிக்ஸ் வகை தந்த பகிர்ந்த நினைவகத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. அதனை ஆக்கிய செயன்முறையும் பயன்படுத்திய செயன்முறைகளும் மடிந்த பின்னரும், எவரேனும் வெளிப்படையாக அழிக்கும்வரை, அல்லது கணினி மீள இயக்கப்படும்வரை, அத்துண்டு நினைவகத்திலே கிடக்கும். உடையவரற்ற காணி போன்றது அது. வேகமான காணிதான்!

இனி மறுதரப்பைக் காண்போம். டைக்ஸ்ட்ராவின் முறைமை வெளிவந்த சிறிது காலத்துள், டென்மார்க்கில் பெர் பிரிஞ்ச் ஹான்சன் என்பவர் ஆர்.சி. 4000 என்னும் கணினிக்காக ஒரு கருவை வகுத்து, 1970இல் அதனை விவரித்து எழுதினார். செய்தி அனுப்புதல், செய்திக்குக் காத்திருத்தல், விடை அனுப்புதல், விடைக்குக் காத்திருத்தல் என்னும் நான்கு வினைகளே அங்கே செயன்முறைகளின் பேச்சுக்கு ஆதாரம். எளிமையைவிட, அவர் எழுப்பிய வினாக்களே இங்கு நோக்கற்பாலன. அனுப்பியவர் யார் என்பதைக் கருவே குறித்துக்கொண்டது. ஆதலால் ஒருவர் பெயரால் மற்றொருவர் பேச இயலாது. செய்திகளைத் தாங்கும் இடங்கள் எண்ணிக்கையில் வரையறைப்பட்டவை. ஆதலால் ஒரு செயன்முறை ஒரே வேளையிற் பயன்படுத்தத்தக்க இடங்களுக்கு எல்லை விதிக்கப்பட்டது. ஒருவனின் ஓயாப் பேச்சினால் மற்றவர் ஊமையாகும் நிலை தவிர்க்கப்பட்டது. செய்தி பெற வேண்டியவர் இல்லாதொழிந்தால், அவருக்குப் பதிலாகக் கருவே ஒரு வெற்று விடையை அனுப்பிற்று. ஆதலால் எவரும் இறந்தவரிடமிருந்து விடையை எதிர்பார்த்துக் காலங்கழிக்க வேண்டியதில்லை. அடையாளம், அளவு, இறப்பு ஆகிய மூன்றையும் வேகத்தைப் பற்றிப் பேசுமுன்னரே அம்மனிதர் எண்ணிப் பார்த்திருக்கின்றார். தொடர்பாடலை வகுக்கும் எவரும் விடையிறுக்க வேண்டிய வினாக்கள் இவையே. இவற்றுக்கு விடைகூறாத முறை எத்துணை விரைவாக இயங்கினும் அது அரைகுறை முறையே.

யுனிக்சின் குழாயையும் இவ்வளவுகோலாலேயே அளத்தல் வேண்டும். செய்நிரல்களைத் தோட்டக் குழாய்களைப் போல ஒன்றோடொன்று பொருத்தும் எண்ணத்தை டக்ளஸ் மக்கில்ரோய் 1964இலேயே பெல் ஆய்வுகூடத்தில் எழுதிவைத்தார்; 1973இல் கென் தொம்சன் அதனை நடைமுறைப்படுத்தினார். ஒன்றின் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகின்றது. குழாய் நிறைந்தால் எழுதுபவன் நிறுத்தப்படுகின்றான். வெறுமையானாற் படிப்பவன் காத்திருக்கின்றான். படிப்பவன் மறைந்தால் எழுதுபவனுக்கு அது தெரிவிக்கப்படுகின்றது. அளவும் இறப்பும் தாமாகவே கவனிக்கப்பட்டுவிட்டன. குழாய் அரை நூற்றாண்டாக நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். அதன் வேகத்தை எண்ணி அதனை நேசித்தவர் எவருமிலர். அதன் குறை அடையாளத்திலே உள்ளது. குழாயில் வருவது வெறும் பைற்றுக்களின் ஓட்டம். ஒரு செய்தி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகின்றது என்பதையோ, பலர் எழுதின் எவர் எதனை எழுதினார் என்பதையோ அது சொல்வதில்லை.

வேகவாதிகளின் மிகப் பலமான சான்று இனித்தான் வருகின்றது. 1980களின் நடுப்பகுதியிலே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாக் என்னும் முறைமை உருவாயிற்று. கருவைச் சிறிதாக்கி, கோப்பு முதலிய சேவைகளைத் தனிச் செயன்முறைகளாக வெளியேற்றி, எல்லாவற்றையும் செய்திகளால் இணைப்பதே அதன் இலட்சியம். இலட்சியம் உயர்ந்தது, நடையோ மந்தமாயிருந்தது. 'செய்தி முறை தோற்றது' என்று அன்று எழுந்த ஆரவாரம் இன்றும் பல பாடநூல்களில் எதிரொலிக்கின்றது. ஆயின், ஜெர்மனியின் யொக்கன் லீட்கே 1993இல் வெளியிட்ட ஆய்வு இம்முடிபைத் தலைகீழாக்கிற்று. ஒரே வகைக் கணினியிலே, ஒரே அளவான சிறு செய்தியை அனுப்ப மாக்குக்கு 115 மைக்கிரோ செக்கன் தேவைப்பட்டது; லீட்கேயின் கருவுக்குச் சுமார் 5 மட்டுமே. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே கணத்திற் சந்திக்குமாறு செய்து, இடையிலே தாங்கி வைக்கும் வேலையை நீக்கி, சிறு செய்திகளைச் செயலியின் பதிவகங்களிலேயே கொண்டுசென்று அவர் இதனைச் சாதித்தார். மாக்கின் மந்தம் செய்தியினால் வந்ததன்று. செய்தியை அனுப்பிய கை பருத்திருந்தமையால் வந்தது. ஓர் ஆக்கத்தின் குறையை அதன் கொள்கையின் மீது ஏற்றியவர்கள் பின்னர் தம் கூற்றைத் திரும்பப் பெற்றதாகத் தெரியவில்லை.

லீட்கேயின் வழியிலும் ஒரு பாடம் உண்டு. அவரைப் போற்றுவோர் அதனைக் கூறத் தயங்குவதுண்டு. அவரது எல்4 வழிக் கருக்களிலே தொடக்கத்தில் எவரும் பெறுபவரின் எண்ணை அறிந்தாற் செய்தி அனுப்பிவிடலாம். விரைவுக்கு அது உதவிற்று, உரிமைக்கு உதவவில்லை. அதே மரபில் வந்து, 2009இல் கணித முறையிற் சரியென நிறுவப்பட்ட எஸ்.இ.எல்.4 என்னும் கருவிலே அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. அங்கே ஒரு வாயிலுக்குச் செய்தி அனுப்புவதற்கு, அவ்வாயிலுக்குரிய அனுமதிச்சீட்டு அனுப்புபவரின் கையில் இருத்தல் வேண்டும். கருவே அச்சீட்டுக்களைக் காத்து வைக்கின்றது. போலிச்சீட்டு ஆக்க முடியாது. அக்கருவின் வேகம் இதனால் அழிந்துவிடவில்லை.

உரிமை பற்றிய இக்கவலை மிகையானது என எண்ணுவோர் நோர்ம் ஹார்டி 1988இல் எழுதிய சிறு கட்டுரையைப் படித்தல் நன்று. ஒரு நிறுவனத்தின் கணினியிலே மொழிபெயர்க்கும் செய்நிரல் ஒன்று இருந்தது. தன் பயன்பாட்டுக் கணக்கைக் குறித்துவைக்க, முறைமைக்குரிய கோவையொன்றுள் எழுதும் உரிமை அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அக்கோவைக்குள்ளேயே வாடிக்கையாளரின் கட்டணக் கோப்பும் இருந்தது. செய்நிரலைப் பயன்படுத்துபவர் தாம் விரும்பிய வெளியீட்டுக் கோப்பின் பெயரைச் சொல்லலாம். ஒருவர் கட்டணக் கோப்பின் பெயரைச் சொன்னார். செய்நிரல் பணிவுடன் அதன் மேல் எழுதிற்று. கட்டண விவரம் அழிந்தது. கேட்டவருக்கு அக்கோப்பைத் தொடும் உரிமை இல்லை, செய்தவருக்கோ உண்டு. இருவருடைய உரிமையையும் ஏவலன் ஒன்றாகக் குழப்பிக்கொண்டான். பெயர் ஒரு வழியாகவும் உரிமை வேறொரு வழியாகவும் வந்தமையே இதன் வேர். செய்தியோடு அதற்குரிய அதிகாரமும் சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்னும் விதி இங்கிருந்து பெறப்படுகின்றது. எத்துணை விரைவாகச் செய்தி சென்றிருந்தாலும் கோப்பு அழிந்தே இருக்கும்; ஒருவேளை இன்னும் விரைவாக அழிந்திருக்கும்.

மத்தியஸ்தம் செய்ய வருவோர் வேறொரு வகையினர். லாவர், நீடம் ஆகிய இருவர் 1978இல் முன்வைத்த வாதத்தை அவர்கள் எடுத்தாள்வர். செய்தி வழி அமைந்த முறைமையும், பகிர்ந்த தரவும் பூட்டும் கொண்டமைந்த முறைமையும் ஒன்றன் கண்ணாடி நிழல் மற்றொன்று. ஒன்றிற் செய்வதனைத்தையும் மற்றொன்றிற் செய்யலாம். எனவே சண்டை வீண் என்பது அவ்வாதத்திலிருந்து அவர்கள் பெறும் முடிபு. கண்ணாடி நிழல் உண்மையே. இரு முறைகளும் ஒழுங்காகப் பின்பற்றப்படும்போது அவை சமமே. ஒழுங்கு மீறப்படும்போது யாது நிகழும் என்பதைச் சமன்பாடு சொல்வதில்லை. செய்தி முறையில் ஒழுங்கு மீறுபவன் தன் அறைக்குள்ளேயே மீறுகின்றான். பகிர்ந்த நினைவகத்தில் மீறுபவன் அடுத்தவன் அறைக்குள்ளும் மீறுகின்றான். பொது இயங்கமைப்பை இயன்றவரை குறைத்தல் வேண்டும், அதிலும் பொது மாறிகளையுடையவற்றில் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும் என 1975இலேயே சோல்ற்சரும் ஷ்ரோடரும் பாதுகாப்பு விதிகளுள் ஒன்றாக எழுதியதன் பொருள் இதுவே.

பகிர்ந்த நினைவகத்தை அடியோடு ஒழித்தல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. படக்காட்சியொன்றின் பெருந்தரவைச் சொல்சொல்லாகப் படியெடுத்து அனுப்புதல் மடமை. அங்கே நினைவகத்தைப் பொதுவாக்கலாம். ஆனால் இக்கணம் அது எவர் கையில் உள்ளது என்பதைச் செய்தியே அறிவித்தல் வேண்டும். இன்று கோடிக்கணக்கானோர் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியில் இவ்வாறே நிகழ்கின்றது. பைண்டர் என்னும் அதன் தொடர்பாடல் முறையில் ஒவ்வோர் அழைப்பிலும் அழைத்தவரின் அடையாளத்தைக் கருவே பொறித்துக் கொடுக்கின்றது. பெருந்தரவுக்குரிய நினைவகத்தைத் திறக்கும் உரிமையும் அச்செய்தியோடே செல்கின்றது. ஆர்.சி. 4000இன் எண்ணம் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அதனைச் சுமந்து திரிவோருள் வேகவாதிகளும் உளர்.

இறுதியாக அவர்கள் காட்டுவது செவ்வாய்க் கோளை. 1997 யூலை 4இல் அங்கிறங்கிய பாத்பைண்டர் விண்கலம் சில நாட்களில் தன்னைத் தானே மீள இயக்கத் தொடங்கிற்று. அன்றன்றைய வேலையின் எஞ்சிய பகுதி தடைப்பட்டது. பகிர்ந்த நினைவகத்தின் பூட்டினால் வந்த வினை என்று இக்கதை பல இடங்களிற் சொல்லப்படுவதுண்டு. கலத்தின் மென்பொருளுக்குப் பொறுப்பாயிருந்தவர் தந்த விவரம் வேறு. வானிலைத் தரவைச் சேர்த்த, முன்னுரிமை குறைந்த பணி, செய்தி பெறுவதற்கான குழாயொன்றைக் கவனித்திருந்தது. அக்கவனிப்புக்காக முறைமை உள்ளே ஒரு பூட்டை இட்டிருந்தது. பூட்டைத் திறப்பதற்குள் நடுத்தர முன்னுரிமையுள்ள பணிகள் அதனை இடைமறித்தன. அதே பூட்டுக்காக மிக உயர்ந்த முன்னுரிமையுள்ள பணி வெளியே காத்து நின்றது. குறித்த நேரத்துள் அது முடியாமையைக் கண்ட காவற்பணி கலத்தை மீள இயக்கிற்று. ஆகவே செய்தி முறையும் தோற்றது அல்லவா என்பது வாதம்.

இந்நிகழ்ச்சியை வேகவாதத்துக்குச் சான்றாக்குவது துணிச்சலே. குழாயின் அடியிலே எவருக்கும் தெரியாது கிடந்தது ஒரு பகிர்ந்த பூட்டு. தோற்றது அதுவே. எவர் எவருக்காகக் காத்திருக்கின்றார் என்னும் வினா வாயிலோடு நின்றுவிடாது நிலவறைவரை கேட்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதையே இது காட்டுகின்றது. அதற்குரிய பரிகாரமும் புதிதன்று. பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் உயர்ந்த பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் முறை 1990இலேயே ஆராய்ந்து வெளியிடப்பட்டிருந்தது. பாத்பைண்டரின் பணிசெயல் முறைமையிலும் அவ்வசதி இருந்தது. அக்குறிப்பிட்ட பூட்டுக்கு மட்டும் அது தொடக்கத்திலிருந்தே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பொறியியலாளர் பூமியிலிருந்து மாற்றத்தை அனுப்பி அதனை இயக்கிவிட்டனர். கலம் மீண்டும் அவ்வாறு நிற்கவில்லை.